அந்தக் காவலாளியின் கடமை

1943 பிப்ரவரி 18, வியாழக்கிழமை. மியூனிக் பல்கலைக்கழகத்தின் நடுமண்டபம். மேலே கண்ணாடிக் கூரை, சுற்றிலும் மாடித் தாழ்வாரங்கள். பதினொரு மணிக்கு வகுப்புகள் முடிய இன்னும் சில நிமிடங்கள். ஓர் அண்ணனும் தங்கையும் பெட்டியோடு வந்து, மூடிய வகுப்பறைக் கதவுகளின் முன்னும் படிக்கட்டுகளிலும் துண்டறிக்கைக் கட்டுகளை வைத்துவிட்டு வெளியேறப் போனார்கள். பெட்டியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. திரும்பி மாடி ஏறினார்கள். மேல்மாடிக் கைப்பிடிச் சுவரின்மேல் வைத்த கட்டைத் தங்கை கையால் தள்ளிவிட்டாள். தாள்கள் பிரிந்து, சுழன்று, நடுமண்டபத்துத் தரையில் இறங்கின.

அதைக் கீழிருந்து பார்த்துவிட்டார் யாக்கோப் ஷ்மிட். பல்கலைக்கழகக் கட்டடத்தின் காவலாளி. படியேறி ஓடி இருவரையும் பிடித்தார். வாசல் கதவுகள் பூட்டப்பட்டன. நாஜி ரகசியக் காவல்துறையான கெஸ்டாப்போ வந்தது. நான்கே நாளில், 22-ஆம் தேதி திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு, ஸ்டாடல்ஹைம் சிறையில் அந்தத் தங்கை சோஃபி ஷோல், அண்ணன் ஹான்ஸ் ஷோல், அவர்கள் நண்பர் கிறிஸ்டோஃப் ப்ரோப்ஸ்ட் மூவரும் கில்லட்டினில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார்கள். சோஃபிக்கு வயது 21, ஹான்ஸுக்கு 24. 23 வயது ப்ரோப்ஸ்டுக்கு மூன்று குழந்தைகள். மூன்றாவது குழந்தை பிறந்து சில வாரமே ஆகியிருந்தது.

காவலாளிக்கு 3000 மார்க் பரிசு கிடைத்தது.

ஹிட்லர் ஆட்சியை எதிர்த்த 'வெள்ளை ரோஜா' என்ற இந்த மாணவர் குழுவைப் பற்றித் தமிழில் யார் பேசினாலும் சோஃபியின் முகத்தில்தான் தொடங்குகிறோம். நெற்றியில் விழும் முடி, காதுவரை வெட்டிய கிராப்பு, கலங்காத கண்கள். அந்தப் படத்தைப் பார்த்து நெகிழ்வது எளிது. நான் காவலாளியிடம் தொடங்க விரும்புகிறேன். நம்மில் பெரும்பாலோர் அந்த மண்டபத்தில் நின்றிருந்தால் சோஃபியின் இடத்தில் நின்றிருக்க மாட்டோம்.

போர் முடிந்தபின் ஷ்மிட்டுக்கு ஐந்தாண்டு தண்டனை விதித்தார்கள். அவர் இரண்டு முறை மேல்முறையீடு செய்தார். அவர் வைத்த வாதம் இதுதான்: பல்கலைக்கழகத்துக்குள் துண்டறிக்கை போடக் கூடாது என்பது விதி. அதில் என்ன எழுதியிருந்தது என்பது என் கவலை இல்லை. வேறு எதை எழுதிப் போட்டிருந்தாலும் பிடித்திருப்பேன். நான் என் கடமையைச் செய்தேன்.

அவர் ஹிட்லரின் பழுப்புச் சட்டைப் படையிலும் இருந்தவர். அதனால் இந்த வாதத்தைத் தட்டிக்கழித்துவிடலாம். ஆனாலும் அதில் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். எனக்கு அச்சம் தருவதும் அந்த உண்மைதான். காலடியில் ஒரு தாள் கிடக்கிறது. அதில் ஒரு மனிதக் கூட்டத்தைக் கொன்று குவிக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கலாம், நாடகத்துக்கு வாருங்கள் என்றும் எழுதியிருக்கலாம். குனிந்து எடுத்துப் படிக்க வேண்டும் என்றே ஒருவருக்குத் தோன்றவில்லை. விதி போதுமானதாக இருக்கிறது.

அந்த மூவரின் தலையை வெட்டிய யோஹான் ரைஷ்ஹார்ட்டும் இதே வகை. பரம்பரைத் தொழில். ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே, 1924-ல் குடியரசின்கீழ் வேலைக்குச் சேர்ந்தவர். ஹிட்லர் வந்தார்; இவர் வேலையில் தொடர்ந்தார். மொத்தத்தில் ஏறத்தாழ 3000 பேரைக் கொன்றிருக்கிறார். போரில் ஜெர்மனி தோற்றதும் அமெரிக்க ராணுவம் இவரையே கூப்பிட்டு நாஜிக் குற்றவாளிகளைத் தூக்கிலிட வைத்தது. அதையும் செய்தார். கழுத்து மாறியது, உத்தரவு போட்டவர் மாறினார், கை மாறவில்லை.

கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்ற மூன்று சொற்களை மேடைதோறும் கேட்டு வளர்ந்தவன் நான். இன்றும் அந்தச் சொற்களை மதிக்கிறேன். மதிப்பதால்தான் கேட்கிறேன்: யாருக்கு, எதற்காக என்று கேட்காமல் கடமையை மட்டும் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால், நாம் யாரை வளர்க்கிறோம்?

பதில் எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே அப்படி வளர்ந்தேன். ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் மாமாவின் டீக்கடையில் ஒத்தாசைக்கு நின்றேன். கடைக்குள் கண்ணாடி கிளாஸ்கள் வரிசையாகக் கவிழ்ந்திருக்கும். வெளியே தாழ்வாரக் கூரைக் கழியில் நாலு அலுமினியக் குவளைகள் செருகியிருக்கும். அவை காலனிக்காரர்களுக்கு. அவர்களே எடுத்து, கழுவி, நீட்டுவார்கள். நான் குவளையில் கை படாமல் உயரத் தூக்கி ஊற்றுவேன். இப்படிச் செய் என்று யாரும் உட்கார வைத்துப் பாடம் எடுக்கவில்லை. மாமா ஊற்றினார், நானும் ஊற்றினேன். ஒருநாள் என் பள்ளிக்கூடத்தில் அடுத்த பிரிவில் படித்த பையன் வந்தான். காசை மேசையில் வைத்தான். "கிளாஸ்ல குடு" என்றான், என்னைப் பார்த்து. கத்தவில்லை, கெஞ்சவும் இல்லை. நான் கையில் கெட்டிலோடு மாமாவைப் பார்த்தேன். மாமா ஒரு வார்த்தையும் பேசாமல் அந்தக் காசை எடுத்து வெளியே மண்ணில் போட்டார். அவன் அதைக் குனிந்து எடுக்காமலே போய்விட்டான். அடுத்து வந்தவருக்கு நான் டீ ஆற்றினேன். சாயங்காலம் கடை கட்டும்வரை அந்தக் காசு அங்கேயே கிடந்தது.

நான் கெட்டவன் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை என்றுதான் பெயர்.

அந்தப் பையனுக்கு எங்கிருந்து வந்தது அந்தத் துணிச்சல் என்பதை நாற்பது வருடமாக யோசிக்கிறேன். ஷோல் குடும்பத்தின் கதை எனக்கு இதில் கொஞ்சம் வெளிச்சம் தந்தது. அந்த வெளிச்சம் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு அவ்வளவு வசதியானது இல்லை.

அப்பா ராபர்ட் ஷோல், சிற்றூர்களில் மேயராக இருந்து பிறகு உல்ம் நகரில் வரி ஆலோசகராகத் தொழில் பார்த்தவர். ஹிட்லரைத் தொடக்கத்திலேயே வெறுத்தவர். 1933-ல் அவருடைய பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? வரிசையாகப் போய் ஹிட்லர் இளைஞர் அமைப்பில் சேர்ந்தார்கள். அப்பா வாதாடினார், எச்சரித்தார், மனம் நொந்தார். பிள்ளைகள் கேட்கவில்லை. பதின்ம வயது ஹான்ஸுக்குச் சீருடையும் கொடியும் அணிவகுப்பும் பிடித்திருந்தன. சிறுவர் படைக்குத் தலைவனாகவும் ஆனான். 1935-ல் நியூரம்பர்க் மாநாட்டில் கொடி ஏந்திப் போகத் தேர்வானான். சோஃபியும் பெண்கள் பிரிவில் பொறுப்பு வகித்தாள்.

ராபர்ட் ஷோல் அடித்து அடக்கியிருக்கலாம். சோற்றை நிறுத்துவேன் என்றிருக்கலாம். "என் வீட்டில் இருந்துகொண்டு என்னையே எதிர்த்துப் பேசுகிறாயா" என்ற, நமக்கு நன்றாகப் பழக்கமான வசனத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஹான்ஸ் ஒரு பாடம் கற்றிருப்பான்: எது சரி என்பதை மேலே இருப்பவர் முடிவு செய்வார். அந்தப் பாடத்தோடு அவன் ஹிட்லரிடம் போயிருந்தால் கடைசிவரை அங்கேயே இருந்திருப்பான். அப்பாவிடம் தப்பாக எதிர்த்துப் பேச இடம் கிடைத்த பிள்ளைக்குத்தான் பிறகு சர்வாதிகாரியிடம் சரியாக எதிர்த்துப் பேச நாக்கு இருந்தது. இதை நான் மிகையாகச் சொல்லவில்லை. அந்த வீட்டில் சாப்பாட்டு மேசையில் நடந்த சண்டைகளை இங்கெ ஷோல் என்ற மூத்த அக்கா பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

நியூரம்பர்க்கிலிருந்து ஹான்ஸ் திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. அங்கே கேட்டதெல்லாம் ஒரே கூச்சல், ஒரே அச்சு. சிறுவர்களுக்கு அவன் கிட்டார் வாசித்துச் சொல்லிக் கொடுத்த ரஷ்ய, நார்வே பாட்டுகளை மேலிடம் தடை செய்தது. 1937-ல், தடை செய்யப்பட்ட வேறோர் இளைஞர் குழுவோடு தொடர்பு என்று சொல்லி வீட்டுக்கே வந்து பிள்ளைகளைப் பிடித்துப் போனார்கள். பதினாறு வயது சோஃபியைக்கூட விடவில்லை, சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். ஹான்ஸ்மேல் ஓரினச்சேர்க்கைத் தடைச் சட்டத்தின்கீழும் வழக்குப் போட்டார்கள். யாருடைய கொடியைத் தூக்கினானோ அந்த அரசு அவன் படுக்கையறைக்குள்ளும் வந்துவிட்டது.

இங்கே நான் மதிப்பது தலை வெட்டுப்பட்டதை மட்டும் இல்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, யாரும் பார்க்காத நேரத்தில், ஓர் இளைஞன் தனக்குத்தானே "நான் ஏமாந்தேன், நான் தப்பு" என்று சொல்லிக்கொண்டதை. பகுத்து அறிவது என்றால் மற்றவன் மூடநம்பிக்கையைப் பிரித்துப் பார்ப்பது மட்டுமா? தான் மாலை போட்ட தலைவனை, தான் தூக்கிய கொடியைப் பிரித்துப் பார்க்கிறபோதுதான் அந்தச் சொல்லுக்கு வலி இருக்கிறது. கட்சி மாறினால் துரோகி, கருத்து மாறினால் பச்சோந்தி என்று ஏசும் நம் பொதுவாழ்வில், சான்று கிடைத்து மனம் மாறியவனுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறோம்? எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை.

இளைஞர்கள் என்றாலே எழுச்சி என்று மேடையில் பேசுகிறவர்களிடமும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. 1933 மே 10-ஆம் தேதி ஜெர்மனியின் பல்கலைக்கழக நகரங்களில் நூல்களைக் குவித்து எரித்தவர்கள் யார்? முன்நின்று நடத்தியது மாணவர் சங்கம். ஹைனேயும் ஃப்ராய்டும் மார்க்ஸும் அந்த நெருப்பில் போனார்கள். ஹிட்லர் பிரதமர் ஆவதற்கு முன்பே, 1931-லேயே, நாஜி மாணவர் அணி தேசிய மாணவர் சங்கத்தின் தலைமையைப் பிடித்திருந்தது. நாட்டுக்கு முன்பே கல்லூரி விழுந்துவிட்டது. சோஃபியும் ஹான்ஸும் கொல்லப்பட்ட அதே 22-ஆம் தேதி மாலையில், அவர்கள் படித்த பல்கலைக்கழக அரங்கில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் கூடினார்கள். காவலாளி ஷ்மிட்டுக்குக் காலால் தரையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். அவர் கையை நீட்டி வணக்கம் வைத்து ஏற்றுக்கொண்டார். அவர்களும் இளைஞர்கள்தாம்.

படிப்பு காப்பாற்றும் என்பதும் கதை. பிடிபட்ட இருவரையும் கொண்டுபோய் நிறுத்தியது பல்கலைக்கழகத் தலைவர் வால்ட்டர் வூஸ்ட்டின் அறையில். அவர் யார்? இந்தியவியல் பேராசிரியர். சமஸ்கிருதமும் வேத இலக்கியமும் கற்றவர். எஸ்.எஸ். படையின் உயர் அதிகாரி. ஆரிய மேன்மைக்கு ஆராய்ச்சி முத்திரை குத்தித் தர ஹிம்லர் வைத்திருந்த அனனெர்பே நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பிலும் இருந்தவர். நம் நாட்டின் மிகப் பழைய நூல்களை ஆழக் கற்ற ஒருவர் அந்த அண்ணனையும் தங்கையையும் கெஸ்டாப்போவிடம் ஒப்படைத்தார். ஆரியம் என்ற சொல்லோடு நூறாண்டாக வழக்காடி வரும் தமிழ் வாசகர்கள் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதே பல்கலைக்கழகத்தில் இன்னொரு பேராசிரியரும் இருந்தார். தத்துவம் கற்பித்த குர்ட் ஹூபர். லைப்னிட்ஸ் பற்றிய அவருடைய வகுப்புக்கு மாணவர்கள் நிரம்பி வழிந்தார்கள். வரிகளுக்கு இடையே அவர் வேறொன்றும் சொல்கிறார் என்பது கேட்டவர்களுக்குப் புரிந்தது. நாட்டுப்பற்று மிகுந்த பழமைவாதி. 1940-ல் நாஜிக் கட்சியில் உறுப்பினரும் ஆனவர். நடுமண்டபத்தில் பறந்த அந்த ஆறாவது துண்டறிக்கையை எழுதியது அவர்தான். அதில் ஜெர்மன் ராணுவத்தைப் புகழ்ந்து, அதன் பின்னால் அணிதிரளுங்கள் என்று ஒரு வரி வைத்திருந்தார். ஹான்ஸும் அலெக்சாண்டர் ஷ்மோரெலும் அந்த வரியை அடித்துவிட்டார்கள். அவர்கள் மருத்துவ மாணவர்கள். முந்தின ஆண்டு ரஷ்யப் போர்முனையில் மருத்துவப் பணியாளர்களாக இருந்துவிட்டு வந்தவர்கள். போகும் வழியில் வார்சாவைப் பார்த்தவர்கள். அந்த ராணுவம் என்ன செய்கிறது என்று நேரில் தெரிந்தவர்கள். ஹூபர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. ஐம்பதை நெருங்கும் பேராசிரியரின் கைப்பிரதியில் இருபத்து நாலு வயது மாணவன் பேனாவால் ஒரு கோடு போடுகிறான். மரியாதை இல்லாமல் போடவில்லை. பார்த்தவன் என்ற உரிமையில் போடுகிறான். அந்தக் கோபத்துக்குப் பிறகும் ஹூபர் தன் மாணவர்களைக் கைவிடவில்லை. ஏப்ரல் 19-ஆம் தேதி விசாரணையில் தன் செயலை மறுக்காமல், ஆசிரியன் என்ற முறையில் செய்தேன் என்று நின்றார். பட்டத்தையும் பதவியையும் ஏற்கெனவே பறித்திருந்தார்கள். ஜூலை 13-ல் ஷ்மோரெலோடு சேர்த்து அவரையும் கொன்றார்கள். வில்லி கிராஃப் என்ற இன்னொரு மாணவரைப் பிறர் பெயர்களைக் கறப்பதற்காக மாதக்கணக்கில் சிறையில் வைத்து அக்டோபர் 12-ல் கொன்றார்கள். கிராஃப் சிறுவனாக இருந்தபோதே ஹிட்லர் இளைஞர் அமைப்பில் சேர மறுத்தவர். சேர்ந்த நண்பர்களின் பெயர்களைத் தன் குறிப்பேட்டில் அடித்துவிட்டவர்.

துணிச்சல் என்றதும் மார்தட்டுவதும் மேடையில் முழங்குவதும் நினைவுக்கு வருகின்றன. இவர்கள் செய்த வேலை அப்படிப்பட்டதல்ல. அது ஒரு சலிப்பூட்டும் எழுத்தர் வேலை. 1942 ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுவரை நான்கு அறிக்கைகள், ஒவ்வொன்றும் சுமார் நூறு படி. தட்டச்சுப் பொறியில் ஸ்டென்சில் வெட்டி, கையால் சுற்றும் நகல் பொறியில் இரவெல்லாம் ஓட்ட வேண்டும். தொலைபேசிப் புத்தகத்திலிருந்து முகவரிகளைப் பார்த்து எழுத வேண்டும். போர்க்காலத்தில் ஒரே கடையில் நிறையத் தாளும் உறையும் வாங்கினால் சந்தேகம் வரும். ஒரே அஞ்சலகத்தில் நூறு தபால் தலை கேட்டாலும் வரும். ஊர் முழுக்க அலைந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினார்கள். 1943 ஜனவரியில் ஐந்தாவது அறிக்கை 6000 படிக்கு மேல். அதைப் பெட்டியில் அடைத்து ரயிலேறி, பெட்டியை ஒரு கம்பார்ட்மென்ட்டில் வைத்துவிட்டு வேறொன்றில் உட்கார்ந்து, ஆக்ஸ்பர்க், ஸ்டுட்கார்ட், வியன்னா, சால்ஸ்பர்க், லின்ஸ் என்று போய் அங்கங்கே அஞ்சலில் போட்டார்கள். மியூனிக்கிலேயே எல்லாம் அஞ்சலானால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிடுவார்களே. பெற்றவர்களில் பலர் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு நேரே கெஸ்டாப்போவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

இரண்டாவது அறிக்கையில் அவர்கள் ஓர் எண்ணைச் சொன்னார்கள்: போலந்தைப் பிடித்தபின் அங்கே மூன்று லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். உண்மை அதைவிடக் கொடியது. ஆனால் 1942-ல், ஜெர்மனிக்குள் இருந்துகொண்டு, ஜெர்மன் மொழியில், இதைத் தாளில் அச்சடித்துச் சொன்னவர்கள் மிகமிகச் சிலர். போலந்தில் வேலை பார்த்து வந்த ஒரு கட்டடக் கலைஞர் அங்கே கண்டதை இவர்களிடம் சொல்லியிருந்தார். கேட்டார்கள், விசாரித்தார்கள், எழுதினார்கள். "எங்களுக்கு எதுவும் தெரியாது" என்று போருக்குப் பிறகு ஒரு தேசமே சொன்னபோது, அந்தத் துண்டுத்தாள் அதற்கு எதிர்ச்சாட்சியாக நின்றது. மாணவர்களுக்குத் தெரிந்தது மற்றவர்களுக்கு ஏன் தெரியவில்லை?

பகுத்தறிவு பேசும் நண்பர்கள் இந்தக் கதையில் ஓரிடத்தில் நெளிவார்கள். மறைப்பது நேர்மை இல்லை. இவர்களில் பெரும்பாலோர் கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள். வில்லி கிராஃப் உறுதியான கத்தோலிக்கர். ரஷ்யத் தாய்க்குப் பிறந்த ஷ்மோரெலை ஆர்த்தடாக்ஸ் திருச்சபை 2012-ல் புனிதராகவே அறிவித்துவிட்டது. சோஃபி அகஸ்டினைப் படித்தவள். 1941-ல் மனநோயாளிகளைக் கொல்வதை எதிர்த்து ஆயர் காலென் ஆற்றிய பிரசங்கத்தின் படிகள் ரகசியமாகச் சுற்றியபோது ஷோல் வீட்டு அஞ்சல் பெட்டிக்கும் வந்தது. இப்படியும் செய்யலாம் என்ற எண்ணம் ஹான்ஸுக்கு அதிலிருந்து பிறந்தது.

அதே நேரத்தில் ஜெர்மன் சிப்பாய் இடுப்பு வார்ப்பூட்டில் கடவுள் நம்மோடு இருக்கிறார் என்று பொறித்திருந்தது. கடவுள் இரண்டு பக்கமும் இருந்தார். அப்படியானால் பிரித்தது கடவுள் இல்லை. ஒரு பக்கத்தில் நம்பிக்கையும் சிந்தனையை மேலிடத்துக்குக் குத்தகை விட்டிருந்தது. மறுபக்கத்தில் நம்பிக்கை உள்ளவர்கள்கூட அந்தக் குத்தகைக்குக் கையெழுத்துப் போட மறுத்தார்கள். கோயிலுக்குப் போகாதவன் என்பதாலேயே என்னைப் பகுத்தறிவாளன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் உண்டு. என் தலைவர் சொன்னால் ஆராயாமல் கைதட்டிய காலமும் அதுவேதான். வில்லி கிராஃப்பை விட அன்று நான் எந்த விதத்தில் பகுத்தறிவாளன்?

சோஃபி செய்த இரண்டு காரியங்களை நல்ல பிள்ளைகளுக்கான எந்தப் பாடநூலிலும் சேர்க்க மாட்டார்கள்.

முதலாவது, ரஷ்யக் குளிரில் விறைக்கும் சிப்பாய்களுக்காக வீடு வீடாகக் கம்பளியும் கையுறையும் கேட்டு வந்தபோது அவள் தரமாட்டேன் என்றாள். அவள் காதலன் ஃப்ரிட்ஸ் ஹார்ட்நாகெல் அந்த ராணுவத்திலேயே அதிகாரி; பின்னாளில் ஸ்டாலின்கிராடில் விரலை இழந்து உயிர் தப்பியவர். அவள் பேச்சு தன்னை அதிர வைத்தது என்று அவர் பிறகு நினைவுகூர்ந்தார். விறைத்துச் சாவது ஜெர்மானியனாக இருந்தாலும் ரஷ்யனாக இருந்தாலும் கொடுமை ஒன்றுதான், ஆனால் இந்தப் போரில் நாம் தோற்றாக வேண்டும், கம்பளி கொடுத்தால் போர் நீளும் என்பது அவள் நிலை. யோசித்துப் பாருங்கள். காதலனுக்கும் சேர்த்துத்தான் மறுக்கிறாள். தன் நாடு தோற்க வேண்டும் என்று ஒருத்தி நாட்டின்மேல் உள்ள அன்பினாலேயே விரும்ப முடியுமா? அவள் முடியும் என்றாள். நம் தொலைக்காட்சி விவாதத்தில் யாராவது இப்படிச் சொன்னால் எத்தனை நிமிடம் உட்கார விடுவார்கள்?

இரண்டாவது, அவள் பொய் சொன்னாள். பிடிபட்டதும் கெஸ்டாப்போ அதிகாரி ராபர்ட் மோரிடம், பெட்டி காலி, உல்முக்குப் போய்த் துவைத்த துணி எடுத்துவரக் கொண்டுபோகிறேன் என்றாள். தாள் அங்கே கிடந்தது, வெறுமனே தள்ளிவிட்டேன் என்றாள். மணிக்கணக்கில், நிதானமாக. மோர் ஏறக்குறைய நம்பியே விட்டார். பிறகு வீட்டைச் சோதித்ததில் ஏராளமான தபால் தலைகள் கிடைத்தன. ஹான்ஸ் சட்டைப் பையில் இருந்த, அவன் கிழித்துப் போட முயன்ற, ப்ரோப்ஸ்டின் கையெழுத்துப் பிரதியின் துண்டுகள் அவரைக் காட்டிக் கொடுத்தன. ஹான்ஸ் ஒப்புக்கொண்டான். அது தெரிந்ததும் சோஃபியும் ஒப்புக்கொண்டாள். மற்றவர்களைக் காக்கப் பழியை எல்லாம் தங்கள் இருவர்மேலேயே போட்டுக்கொண்டாள். விசாரணையின் கடைசியில், செய்தது குற்றம் என்று இப்போதாவது நினைக்கிறாயா என்று கேட்டதற்கு, என் மக்களுக்கு என்னால் முடிந்த மிக நல்லதைச் செய்தேன், வருந்தவில்லை என்று பதிவு செய்தாள்.

பொய் சொல்லாதே என்பது விதி. விதியை மட்டும் தெரிந்தவள் முதல் நிமிடத்திலேயே நண்பர்கள் எல்லோரையும் காட்டிக் கொடுத்திருப்பாள், மனசாட்சி சுத்தமாக. எப்போது மறைப்பது, எப்போது உரக்கச் சொல்வது என்பதை அவள் ஒவ்வொரு மணி நேரமும் புதிதாக யோசித்தாள். துண்டறிக்கை போடக் கூடாது என்ற விதியோடு படியேறி வந்த ஷ்மிட்டுக்கும் இவளுக்கும் உள்ள தூரம் எனக்கு இங்கேதான் தெரிகிறது.

என்ன பயன் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இது அறிவாளிகளின் கேள்வி. அதனால் அவமதிக்க மாட்டேன். போர் இன்னும் இரண்டு ஆண்டு நடந்தது. மாணவர்கள் எழவில்லை. அவர்கள் பிடிபட்ட அதே நாள் மாலையில் பெர்லினில் கோயபல்ஸ் முழுப் போர் வேண்டுமா என்று கேட்க, அரங்கம் எழுந்து நின்று வேண்டும் என்று முழங்கியது. கணக்குப் பார்த்தால் பூஜ்யம்.

ஆனால் அந்தக் கணக்கைச் சர்வாதிகாரி வேறு மாதிரிப் போட்டிருக்கிறார். சில ஆயிரம் தாள், ஐந்தாறு மாணவர்கள், துப்பாக்கி இல்லை, பின்னால் கட்சி இல்லை. இதற்காக மக்கள் நீதிமன்றத்தின் தலைவர் ரோலண்ட் ஃப்ரைஸ்லரே பெர்லினிலிருந்து மியூனிக்குக் கிளம்பி வந்தார். காலை பத்து மணிக்கு விசாரணை, மதியம் ஒரு மணிக்குள் தீர்ப்பு, மாலை ஐந்துக்குத் தலை. பெற்றோரை நீதிமன்றத்திலிருந்து வெளியே தள்ளினார்கள். இவ்வளவு அவசரம் பயனற்ற காகிதத்துக்கா? "நான் ஒருத்தன் பேசி என்ன ஆகப் போகுது" என்று நாம் நம்மைப் பற்றி வைத்திருக்கும் மதிப்பை விட, நம் பேச்சைப் பற்றி ஆள்பவர் வைத்திருக்கும் மதிப்பு அதிகம். ஷ்மிட் பிடிக்காவிட்டால், மோர் கேட்காவிட்டால், பூட்டுபவர் பூட்டாவிட்டால், ஃப்ரைஸ்லரின் சிவப்பு அங்கி ஒரு துணி. அவருக்கு அது தெரியும். நமக்குத்தான் தெரியாது.

அந்த ஆறாவது அறிக்கை பிறகு ஸ்காண்டிநேவியா வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. ஹெல்முட் ஜேம்ஸ் ஃபொன் மோல்ட்கே என்பவர் அதை ஜெர்மனிக்கு வெளியே கொண்டுபோனார். அந்தக் கோடையில் பிரிட்டிஷ் விமானங்கள் லட்சக்கணக்கான படிகளை ஜெர்மன் நகரங்களின்மேல் போட்டன. கைப்பிடிச் சுவரிலிருந்து சோஃபி தள்ளியது மேகத்திலிருந்து விழுந்தது. ஆனால் அப்படி விழாமல் போயிருந்தாலும் நான் இதே மதிப்பைத்தான் கொடுப்பேன். டீக்கடையில் கிளாஸ் கேட்ட பையனுக்கு அன்று கிளாஸ் கிடைக்கவில்லை.

அதே பல்கலைக்கழகத்தின் வேதியியல் நிறுவனத்தை நடத்தியவர் நோபல் பரிசு பெற்ற ஹைன்ரிஷ் வீலண்ட். நாஜிச் சட்டம் பாதி யூதர் என்று முத்திரை குத்தித் துரத்திய மாணவர்களுக்குத் தன் ஆய்வகத்தில் இடம் கொடுத்து வைத்திருந்தார். அவர்களில் ஒருவர் ஹான்ஸ் லைபெல்ட். போர்முனையில் இரும்புச் சிலுவைப் பதக்கம் வாங்கியும் யூதத் தாயின் மகன் என்பதற்காக ராணுவம் விரட்டிய இளைஞர். அவருக்கும் உடன் படித்த மாரி லூயிஸ் யானுக்கும் ஆறாவது அறிக்கையின் ஒரு படி கிடைத்தது. அப்போதே மூவரும் கொல்லப்பட்ட செய்தியும் வந்துவிட்டது. எழுதினால் என்ன நடக்கும் என்பதில் இனி யாருக்கும் ஐயமில்லை. தெருச்சுவரில் தண்டனை அறிவிப்பு ஒட்டியிருந்தது.

பின்னால் இருவரும் ஹூபரின் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் பணம் திரட்டினார்கள். யாரோ காட்டிக் கொடுத்தார்கள். யானுக்குப் பன்னிரண்டு ஆண்டு சிறை. லைபெல்ட்டை 1945 ஜனவரி 29-ல், அமெரிக்கப் படை மியூனிக்குள் நுழைய மூன்று மாதம் இருக்கும்போது, அதே ஸ்டாடல்ஹைமில் கொன்றார்கள். ஆனால் அதெல்லாம் பிறகு. 1943 வசந்தத்தில் இருவரும் ஒரு தட்டச்சுப் பொறியை எடுத்து வைத்தார்கள். தாளைச் செருகினார்கள். தலைப்பில் தங்கள் பங்குக்கு ஒரே ஒரு வரி சேர்த்தார்கள். ஆட்களைக் கொன்றாலும் அவர்கள் எண்ணம் வாழ்கிறது என்ற பொருளில். அதற்குக் கீழே ஹூபரின் சொற்களை, அவருடைய மாணவர்கள் அடித்துத் திருத்திய வடிவத்தில், முதல் எழுத்திலிருந்து தட்டத் தொடங்கினார்கள்.